மலைப்பாம்பு வந்தால் முதலில் எலியைத் தேடுங்கள்

வெளிநாடுகளில் வீட்டில் பாம்பு வளர்ப்பவர்கள் உண்டு. அந்தப் பாம்புக்குத் தீனியாகக் கொல்லைப்புறக் கொட்டகையில் எலி வளர்த்து விற்கிறவர்களும் உண்டு. எலி குவிந்திருக்கும் இடத்தைத் தேடிக் காட்டுப் பாம்பும் வராமல் இருக்காது. கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும், எலியைக் காசு கொடுத்து வளர்ப்பார்களா என்று. ஆனால் உழவர் நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் அதே பண்ணையைத்தான் நடத்துகிறோம். உரிமம் கிடையாது, வருமானம் கிடையாது, தீவனச் செலவு மட்டும் நம்முடையது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தரையில் அடுக்கிய மல்லாட்டை மூட்டை, வாய் கட்டாத தவிட்டுச் சாக்கு, கோழிக்கு இறைத்து இரவு முழுக்கக் கிடக்கும் கம்பு, கொட்டகைக்குப் பின்னால் மூன்று வருஷமாக நகராத தேங்காய் மட்டைக் குவியல். எலிக்கு இதற்கு மேல் என்ன வசதி வேண்டும்? சாப்பாடு இருக்கிறது, படுக்கை இருக்கிறது, பிரசவத்துக்கு இடமும் இருக்கிறது. ஒருநாள் இரவு அந்தக் கொட்டகைக்குள் எட்டடி நீளத்தில் ஒரு மலைப்பாம்பு படுத்திருந்தால் மட்டும் ஊரைக் கூட்டுகிறோம்.

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கடன் கொடுக்கிற மேசையில் இருந்தவன் நான். ஒரு கணக்கில் பணம் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கே ஓட்டை என்று முதலில் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கொட்டகைக்குள் வரும் பாம்பை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அது திருட வந்த ஆள் இல்லை, தணிக்கைக்கு வந்த ஆள். தணிக்கையாளரை அடித்துக் கொன்றால் கணக்கு நேராகிவிடுமா?

திருவண்ணாமலையில் ஏன் இப்போது அதிகம்?

சாத்தனூர், செங்கம், தண்டராம்பட்டு, ஜவ்வாது மலை அடிவாரம் என்று நம் பக்கத்தில் மலைப்பாம்பு புதிய விருந்தாளி இல்லை. பாறை இடுக்கும் ஓடைக்கரையும் புதரும் இருக்கும் இடமெல்லாம் அதன் ஊர். நாம்தான் அதன் வாசல்வரை வந்து வீடு கட்டியிருக்கிறோம். அண்ணாமலையைச் சுற்றியும் அதே கதை. ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்த மலைச்சரிவில் பலர் பல வருஷம் மரம் நட்டு, தீ அணைத்து, இன்று பச்சை தெரிகிறது. அதே காலத்தில் அடிவாரம் முழுக்க மனை போட்டாகிவிட்டது. காடு கீழே இறங்குகிறது, வீடு மேலே ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் குப்பை இருக்கிறது. பௌர்ணமிக்கு மறுநாள் காலை 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரத்தை ஒருமுறை பாருங்கள். அன்னதான இலையும் மிச்சச் சோறும் கிடக்கிற இடத்தில் பெருச்சாளி பெருகாமல் வேறு என்ன நடக்கும்?

எலியின் பெருக்கத்தைக் கூட்டுவட்டிக் கணக்கு என்றே சொல்லலாம். நம் வரப்பைத் துளைக்கும் எலிக்குக் கர்ப்பகாலம் மூன்று வாரத்தைச் சுற்றித்தான். ஒரு ஈற்றுக்கு ஆறு குட்டி என்று குறைத்தே வையுங்கள். அதில் பாதி பெண். மூன்று மாதத்தில் அவையும் குட்டி போடத் தயார். தாயும் சும்மா இருப்பதில்லை. அறுவடை முடிந்து வயலில் தீனி குறைந்ததும் அத்தனையும் எங்கே வரும்? நம் களத்துக்கும் கொட்டகைக்கும்தான். என் கொட்டகையில் ஒரு வருஷம் முப்பது மூட்டை மல்லாட்டை வைத்திருந்தேன். விதைக்கு உடைக்கும்போது ஏறக்குறைய இரண்டு மூட்டை தோலாக இருந்தது.

அதே வருஷம் மார்கழியில் ஒரு மலைப்பாம்பும் வந்தது. ஒரு நாட்டுக்கோழியை விழுங்கிவிட்டு மட்டைக் குவியலில் படுத்துக்கொண்டது. பக்கத்து நிலத்துக்காரர் கடப்பாரையோடு வந்துவிட்டார். “மேனேஜர் சார், நீங்க தள்ளிக்கங்க, ஒரே போடுதான்” என்றார். “இருக்கட்டும்ப்பா, அது தின்ன கோழிக்கு நான்தானே கணக்கு எழுதணும்” என்று சொல்லி அவரை டீக்கு உட்கார வைத்தேன். மூன்றாம் நாள் அது தானாகப் போய்விட்டது. கணக்கு எழுதினேன். கோழி ஒன்று, எலி தின்ற மல்லாட்டை இரண்டு மூட்டை. எது பெரிய நஷ்டம் என்று அவரே சொன்னார்.

பாம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது

நியாயமாகவே பேசுவோம். மலைப்பாம்பு முழுநேர எலிப்பிடி ஆள் இல்லை. அந்த வேலைக்குச் சாரைதான் கெட்டிக்காரன். பகலில் சுறுசுறுப்பாகத் திரிந்து, வளைக்குள்ளேயே நுழைந்து எலியைப் பிடிக்கும் பாம்பு அது. மலைப்பாம்பு பெரும்பாலும் இரவில் வரும். பெருச்சாளி, அணில், முயல், பறவை என்று கிடைத்ததைச் சுற்றி நெரித்து விழுங்கும். கோழியையும் சின்ன ஆட்டுக்குட்டியையும் விடாது. அதற்கு விஷம் இல்லை. உதட்டோரம் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் இருப்பதால் கும்மிருட்டிலும் சூடான உடம்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். வயிறு நிறைந்துவிட்டால் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பெண் பாம்பு முட்டையைச் சுற்றிக்கொண்டு, உடம்பைத் துடிக்கவைத்துச் சூடு கொடுத்து அடைகாக்கும். பாம்பினத்தில் இது அபூர்வம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எலி இருக்கும் கொட்டகைக்கு மலைப்பாம்பு மட்டும் வருவதில்லை. நல்ல பாம்பும் வரும், கண்ணாடி விரியனும் வரும். எலிக்குச் சாப்பாடு போடுகிறவன் விரியனுக்கும் அழைப்பு அனுப்புகிறான். இதில்தான் ஆபத்து இருக்கிறது. மலைப்பாம்புக் குட்டிக்கும் கண்ணாடி விரியனுக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டு பக்கமும் உயிர் போகிறது. விரியன் என்று நினைத்து மலைப்பாம்புக் குட்டியை அடிக்கிறோம். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்து விரியனைக் கையில் தூக்குகிறோம். விரியனுக்கு முதுகில் சங்கிலி கோத்தது போல ஒழுங்கான வட்டங்கள் வரிசையாக இருக்கும். செதில் சொரசொரப்பாக இருக்கும். சீண்டினால் குக்கர் விசில் மாதிரிச் சீறும். மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் பெரிதும் சிறிதுமாக இருக்கும், தோல் வழவழப்பாக மின்னும். இது தெரிந்தவர்களும் டார்ச் வெளிச்சத்தில் தடுமாறுவார்கள். ஆகவே விதி ஒன்றுதான்: எதுவானாலும் கை வைக்காதீர்கள்.

இந்தியாவில் பாம்புக்கடியில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. 2000 முதல் 2019 வரை மொத்தம் 12 லட்சம் பேர். பெரும்பாலும் கிராமத்து ஆட்கள், நம்மைப் போல வயலில் கால் வைக்கிறவர்கள். “பாம்பு உழவனின் நண்பன்” என்று சுவரில் எழுதிவிட்டு இந்த எண்ணிக்கையை மறைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கடிபட்ட வீட்டில் போய் அந்த வாசகத்தைச் சொல்ல முடியுமா? ஆனால் இந்தச் சாவைக் குறைக்கிற வழி பாம்பை அடிப்பது அல்ல. அடிக்கப் போகிறவனையும் பாம்பு கடிக்கும். கொட்டகையிலிருந்து எலியை விலக்கினால் பாம்பும் வீட்டுப் பக்கத்திலிருந்து விலகும். அதன் இடம் வயல், ஓடை, புதர். அங்கே அது இருக்கட்டும்.

விஷம் ஏன் வழியாகாது?

“இதுக்கெல்லாம் எதுக்கு சார் இவ்ளோ பேச்சு? பத்து ரூபா பாக்கெட்டு வாங்கி மூலையில வச்சா முடிஞ்சுது” என்று கேட்கிறவர்கள் இயற்கை விவசாயிகளிலும் இருக்கிறார்கள். வயலுக்கு ஒரு சொட்டு வேதி மருந்து அடிக்க மாட்டார். ஜீவாமிர்தம், மீன் அமிலம், ஐந்திலைக் கரைசல் என்று பார்த்துப் பார்த்துச் செய்வார். தீவன அறை மூலையில் மட்டும் எலி விஷம் இருக்கும். கேட்டால், அது வயல் இல்லையே என்பார்.

அந்த விஷம் மூலையிலேயே நிற்பதில்லை. இன்று அதிகம் விற்கும் புரோமோடையலோன் போன்ற மருந்துகள் எலியின் ரத்தம் உறையாமல் செய்து கொல்கின்றன. தின்ற எலி உடனே சாவதில்லை, சில நாள் ஆகிறது. அந்தச் சில நாள் அது தள்ளாடிக்கொண்டு வெளியில் திரியும். கூகைக்கும் ஆந்தைக்கும் சாரைக்கும் அதைவிடச் சுலபமான இரை கிடைக்குமா? நம் சார்பில் எலி பிடிக்கிற ஆட்களுக்கு நாமே விஷச்சோறு போடுகிறோம். எலி மூன்று மாதத்தில் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடும். கூகை வர வருஷம் ஆகும். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைக்குக் கூடு வைத்து எலியைக் கட்டுப்படுத்தியதும், கூடவே வீரியமான எலிமருந்து போட்ட இடங்களில் கூகை குறைந்துபோனதும் அங்குள்ளவர்கள் கண்ட அனுபவம். ஒரே நேரத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது.

எலிப்பசையின் கதை இதைவிடக் கசப்பு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசை எத்தனை கிராமத்து வீடுகளில் மனித உயிரை வாங்கியது என்று நம் மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியும். தமிழக அரசு அதைத் தடை செய்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் ஒரு பாக்கெட் போனால் இன்னொரு பாக்கெட் வருகிறது. கைக்கெட்டும் இடத்தில் விஷம் இருக்கும் வீடு பாதுகாப்பான வீடு இல்லை. பாம்புக்குப் பயந்து விஷத்தை வாங்கி வைப்பது கொள்ளிக்கட்டையால் தலை சொறிவதுதான்.

நம் ஊரில் ஆள் இல்லையா?

எலி பிடிக்க நம்மைவிட அறிந்தவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். இருளர்கள். வளையின் வாயில் கிடக்கும் மண்ணைப் பார்த்தே அது புதுசா பழசா, உள்ளே ஆள் இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். விஷம் இல்லை, கரண்ட் இல்லை. கடப்பாரையும் புகை போடும் பானையும் போதும். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லும் அவர்களுக்கு ஒருவேளைச் சோறு.

இவர்கள் திறமையை உலகம் ஒத்துக்கொண்டது. நாம்தான் இன்னும் தயங்குகிறோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் இருளர்களின் பிழைப்பை அடைத்தன. அதன் பிறகு ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978-இல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கு அந்த நஞ்சுதான் பெரிய ஆதாரம்.

2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்துப் போனார்கள். வளர்ப்புப் பிராணி வியாபாரத்தால் அங்கே போய்ச்சேர்ந்த பர்மா மலைப்பாம்பு, எவர்கிளேட்ஸ் சதுப்புக் காட்டில் பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. ரக்கூன் என்ற விலங்கு கண்ணில் படுவதே 99 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2012-இல் ஓர் ஆய்வு சொன்னது. நவீனக் கருவிகளோடு திண்டாடிய இடத்தில், இவர்கள் தடத்தைப் பார்த்தே முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

புளோரிடாவைக் காட்டி “பாருங்க, மலைப்பாம்பு எவ்வளவு நாசம் பண்ணுது” என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பாடம் நேர்மாறானது. அங்கே அது அந்நியன். நம் மண்ணில் அது பூர்வகுடி. கீரியும் நரியும் கழுகும் காட்டுப்பன்றியும் அதன் முட்டையையும் குட்டியையும் தின்று இங்கே எண்ணிக்கையை அடக்கி வைத்திருக்கின்றன. நம் பக்கத்தில் பெருகிப்போனது பாம்பு அல்ல, எலி.

என் வருத்தம் ஒன்று உண்டு. பத்மஸ்ரீ வாங்கிய சமூகத்து ஆளை நாம் வயலுக்குக் கூப்பிட்டால் என்ன கொடுக்கிறோம்? ஒரு டீ, ஐம்பது ரூபாய், “பிடிச்ச எலிய நீயே எடுத்துக்கோ” என்ற தாராளம். டிராக்டர்காரருக்கு மணிக்கணக்கில் வாடகை தருகிறோம். பவர் டில்லருக்கு முன்பணம் தருகிறோம். விஷம் இல்லாமல் எலியைக் குறைக்கத் தெரிந்தவருக்கு மட்டும் கூலி பேச மனம் வருவதில்லை. இயற்கை விளைபொருளுக்கு நியாய விலை கேட்கிற நாம், இயற்கை அறிவுக்கும் நியாய விலை கொடுக்க வேண்டாமா?

செய்ய வேண்டியது

கொட்டகையில் இருந்து தொடங்குவோம். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை விட்டு ஓரடி தள்ளி அடுக்குங்கள். பின்னால் ஆள் நுழைந்து பார்க்க இடம் இருந்தால் எலி குடும்பம் நடத்தாது. நம் தாத்தாக்கள் பத்தாயத்தைக் கால் வைத்து உயர்த்திச் செய்தது அழகுக்காக இல்லை. தவிடும் புண்ணாக்கும் மூடி போட்ட தகர டிரம்மில் இருக்கட்டும். கோழித்தீனியைப் பொழுது சாயுமுன் கூட்டி எடுத்துவிடுங்கள். கோழி அடையும் கூண்டுக்கு அரை அங்குல வெல்டு மெஷ் அடியுங்கள். வழக்கமான கோழிவலையின் கண் வழியாக எலியும் போகும், பாம்புக்குட்டியும் போகும். மெஷ்ஷை மண்ணுக்குள் ஓரடி இறக்கிப் புதையுங்கள், கதவின் அடியில் தகரம் அடியுங்கள். நைலான் வலை வேண்டாம். எலி அதைக் கடித்துவிடும். பாம்பு அதில் சிக்கிச் சதை அறுந்து சாகும். சிக்கிய பாம்பை விடுவிக்கப் போகிறவருக்கும் ஆபத்து.

மட்டை, விறகு, பழைய ஓடு இவற்றை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். குவியலில் கை விடுமுன் குச்சியால் தட்டுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் கொட்டகைக்குப் போகாதீர்கள். தரையில் படுக்கிறவர்கள் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். கட்டுவிரியனுக்கு அதுவே வேலி. வயலில் வரப்பைச் சிறிதாக வையுங்கள். பெரிய வரப்பு எலிக்கு மாடி வீடு. தஞ்சாவூர் கிட்டியை நடவு முடிந்த கையோடு வையுங்கள், கதிர் வந்தபின் வைத்துப் பயன் குறைவு. ஆந்தை உட்கார டி வடிவில் குச்சி நட்டு, கதிர் பால் பிடிக்குமுன் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பகலில் அதன் மேல் கதிர் தின்னும் பறவைகள் உட்கார்ந்து கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் மலைப்பாம்பு வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மலைப்பாம்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை, தெரியாமல் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான். பிடித்துக்கொண்டு போய் எங்கோ விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். எலி இருக்கிற வரை அந்தக் காலி இடத்துக்கு இன்னொன்று வரும். அது மலைப்பாம்பாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

யாருக்காவது கடி விழுந்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்க அலையாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இயக்கத்துக்கும் வேலை இருக்கிறது. பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழகம் 2024 நவம்பரில் அறிவித்தது. நல்ல தொடக்கம். இனி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரவு நேரத்தில் மருந்தும் அதைப் போடத் தெரிந்த ஆளும் இருக்கிறார்களா என்று நம் கிளைகள் நேரில் போய்க் கேட்க வேண்டும். மலைப்பாம்பு கோழியையும் ஆட்டுக்குட்டியையும் விழுங்கினால் சின்ன இழப்பீடாவது சுலபமாகக் கிடைக்கும்படி மாவட்டக் குறைதீர் கூட்டத்தில் பேச வேண்டும். நஷ்டம் முழுவதும் ஏழை உழவன் தலையில், பாதுகாப்பின் பெருமை மட்டும் மற்றவர்களுக்கு என்றால் அது நிலைக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு யோசனை. ஒவ்வொரு கிளையும் தன் பகுதி இருளர் குடும்பங்களோடு உட்கார்ந்து ஒரு கூலி பேசிக்கொள்ளட்டும். பிடித்த எலிக்கு இவ்வளவு என்று வேண்டாம். அப்படிப் பேசினால் எலி அதிகம் இருக்கும் வரைதான் அவர்களுக்கு வருமானம். வருஷத்துக்கு இத்தனை முறை வந்து பார்க்க, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசுங்கள். எலி குறைந்தாலும் கூலி குறையக் கூடாது. பத்துப் பேர் சேர்ந்தால் ஒருவருக்கு விழும் பங்கு, ஒரு பருவத்தில் விஷப் பாக்கெட்டுக்கும் ஓட்டைச் சாக்குக்கும் போகிற காசைவிடப் பெரிதாக இருக்காது. எங்கள் ஊரில் ஏழு பேர் சம்மதித்திருக்கிறார்கள். தை அறுவடைக்கு முன் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துவிட்டு, வருஷக் கணக்கை இதே இதழில் எழுதுகிறேன்.